மறுபக்கத்துக் காது எங்கே?

"கல்யாண மேடையில் பேஸ் வாசிக்கிறவரின் கிட்டாருக்குக் காதெல்லாம் ஒரே பக்கம் இருக்கிறதே, மறுபக்கத்துக் காது எங்கே போயிற்று?" என்று கிள்ளான் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். காது என்று அவர் சொல்வது கம்பியை முறுக்கும் கீயை. நல்ல சொல்தான். பழைய பேஸ்களின் கீ யானைக் காது மாதிரிதான் விரிந்திருக்கும். பேஸ் என்றால் என்ன என்று இளையராஜா பாட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேரே கீகள் இருக்கும் தலைக்குப் போவோம்.

லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்தவர். 1951-இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் நான்கு கீயும் ஒரே வரிசை. அழகு மட்டும் காரணமல்ல. கம்பி பக்கவாட்டில் வளையாமல் நேராகக் கீக்குப் போகிறது. கழுத்தையும் தலையையும் ஒரே மேப்பிள் பலகையில் அறுத்துவிடலாம். தலையைப் பின்னால் சாய்க்காததால் மரம் அதிகம் வீணாகாது. முதலில் ஒல்லியாக இருந்த அந்தத் தலை 1957-இல் அகலமாயிற்று. இன்றைய மலிவுப் பேஸ்கள் பலவற்றிலும் அதன் சாயல்தான்.

கிப்சன் 1953-லேயே பக்கத்துக்கு இரண்டாகக் கீ வைத்தது. 1963-இல் வந்த அதன் தண்டர்பேர்டின் தலை பின்னால் சாய்ந்திருக்கும். மல்லாக்க விழுந்தால் முதல் அடி அதற்குத்தான். 1976-இல் வேறொரு நிறுவனம் கொண்டுவந்த ஸ்டிங்ரே பேஸில் மூன்று கீ மேலே, ஒன்று கீழே, தலை சின்னது. 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையையே எடுத்துவிட்டார், கீயெல்லாம் அடிப்பக்கம் போயின. பேஸை முதுகில் மாட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கம்யூட்டர் ரயிலில் நின்றபடி போனவனுக்கு அதன் அருமை தெரியும். நான் திரும்பும்போதெல்லாம் உறைக்குள்ளிருந்து என் பேஸின் தலை யாரையாவது இடிக்கும்.

எனக்குப் பிடித்த விசித்திரம் இனிமேல்தான். என் அக்காள் மகனின் பேஸில் ஜி கம்பியின் 6-ஆம் பிரெட்டை, அதாவது கழுத்தின் 6-ஆம் கட்டத்தை, அமுக்கி மீட்டினால், 'டும்' என்று எழுந்து உடனே அடங்கிவிடும். பக்கத்துப் பிரெட்டுகள் நன்றாக நீண்டு ஒலிக்கும். கம்பியை மாற்றினான், பிக்அப்பை ஏற்றி இறக்கினான், பலனில்லை. குற்றவாளி தலை. கழுத்தும் தலையும் சேர்ந்து ஒரு குச்சி மாதிரி தனக்கென்று ஒரு வேகத்தில் அதிரும். மீட்டும் சுரம் அந்த வேகத்துக்கு ஒத்துப்போனால், கம்பியின் தெம்பையெல்லாம் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும். தாமான் பூங்காவில் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் நம் கைப்பலமெல்லாம் அதற்குப் போய்விடுகிறதே, அப்படித்தான். ஃபெண்டர் வகைப் பேஸ்களில் இந்த நோய் பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் நடுவில்தான் வரும்.

தச்சு வேலைக்கு வைத்திருந்த இரும்புக் கிளாம்ப் ஒன்றைத் துணி சுற்றித் தலையில் மாட்டினோம். 6-ஆம் பிரெட் உயிர்பெற்றது, 5 செத்தது! பாரம் கூடினால் அதிர்வின் வேகம் குறையும், செத்த இடமும் கீழே இறங்கும். ஸ்டிங்ரேயின் சின்னத் தலைக்கும், ஸ்டைன்பெர்கரின் தலையில்லாத கார்பன் நார்க் கழுத்துக்கும் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பக்கம் போகும்போதெல்லாம் வீணையின் தலையிலுள்ள யாளி முகம் ஞாபகம் வரும். சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம், பூ. பேஸ் தலைக்கு? கச்சேரி முடிந்ததும் வேனில் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் இடம். சாப்பிடப் போகிறவர் சுவரில் சாய்த்துவிட்டுப் போவார், ஓடிவரும் பிள்ளை தட்டிவிடும். அப்புறம் சுருதி நிற்கவில்லை என்று கம்பியைத் திட்டுவார்கள். வளைந்த கீயை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஸ்டாண்டு என்ன விலை வந்துவிடும்?

இவ்வளவும் சொன்ன என் பேச்சையே அக்காள் மகன் கேட்பதில்லை. கல்யாண மேடையில் அசிங்கமாக இருக்கிறது என்று கிளாம்பைக் கழற்றிவிட்டான். அந்த 6-ஆம் பிரெட் சுரம் வரும்போது மட்டும், அதே சுரம் கிடைக்கும் டி கம்பியின் 11-ஆம் பிரெட்டுக்குக் கை தாவுகிறது.