முளையில் அறிவோம் களையை

வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்தில் கீரையும் காய்கறியும் பயிரிடுவோருக்கு, முதல் மழைக்குப் பின் ஓர் ஐயம் எழுவது இயல்பு. விதைத்த பாத்தியில் விதைக்காத செடிகளும் முளைத்து நிற்கின்றன. பிடுங்க வேண்டியது எது, காக்க வேண்டியது எது? அவசரப்பட்டால் பயிர் அழியும். தாமதித்தால் களை பூத்து விதை சிந்தும். ஆகவே, நாற்றுப் பருவத்திலேயே செடியை இனங்காணும் பயிற்சி இன்றியமையாததாகிறது.

முதலில் நோக்க வேண்டியது விதையிலை. கத்தரி, தக்காளி, முள்ளங்கி போன்றவை இரண்டு விதையிலைகளுடன் வெளிவருகின்றன. புல்லும் கோரையும் ஒற்றை இலையை நீட்டுகின்றன. இவற்றுள் புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டது. கோரையின் பூந்தண்டு முக்கோண வடிவினது. இவ்வேறுபாடு சிறிதன்று. விதையிலிருந்து முளைத்த இளம்புல்லை வேருடன் பிடுங்கினால் வேலை முடிந்தது. கோரையின் தழையை மட்டும் நீக்கினால், மண்ணுள் தங்கிய கிழங்கு மீண்டும் தளிர்க்கும்.

விதையிலைக்கு அடுத்து வரும் உண்மையிலைகள் மேலும் தெளிவு தரும். சில வேளைகளில் ஏமாற்றவும் செய்யும். இதற்குச் சான்று பார்த்தீனியம். வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்களை, 1950-களில் புணேயில் கவனத்திற்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. இதன் இலை கேரட் இலையை ஒத்திருப்பதால், வடமாநிலங்களில் இதனைக் ‘காஜர் காஸ்’, அதாவது கேரட் புல், என்றே அழைக்கின்றனர். எனினும் விதையிலையில் குழப்பமில்லை: கேரட்டின் விதையிலைகள் நீண்டு குறுகியவை, பார்த்தீனியத்தினுடையவை குட்டையானவை, அகன்றவை. ஐயமுள்ள செடியைக் கசக்கி முகர்ந்து பார்ப்பது தகாது. பார்த்தீனியம் தோல் அழற்சியை உண்டாக்கும். அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும்.

முளைத்த சில வாரங்களிலேயே இது பூக்கத் தொடங்கும். ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். இதனை ஒடுக்க மெக்சிகோவிலிருந்து கொணரப்பட்ட வண்டுகள் 1984இல் பெங்களூரில் விடப்பட்டன. ஆயினும் வீட்டுத் தோட்டத்திற்கு எளிய வழி, பூக்கும் முன் கையுறை அணிந்து வேருடன் அகற்றுவதேயாகும்.

தானே முளைப்பவை யாவும் பகையல்ல. பருப்புக்கீரை களையாக முளைப்பினும் நல்ல உணவு. ஆனால் அதனைப் போலவே தரையில் படரும் வேறு சில பூண்டுகளும் உண்டு. தண்டை ஒடித்தால் வெண்பால் வடியுமாயின் அது பருப்புக்கீரை அன்று. கத்தரியின் குடும்பத்தைச் சேர்ந்த ஊமத்தையோ இலை முதல் விதை வரை நஞ்சு. அதன் இளஞ்செடி கீரையோடு கீரையாகக் கிள்ளப்பட்டால் உயிருக்கே கேடு நேரலாம். இன்னதென்று உறுதியாகத் தெரியாத எச்செடியும் அடுப்பேறலாகாது என்பது மாறா விதியாக இருத்தல் வேண்டும்.

ஐயம் எழாதவாறு செய்யவும் வழியுண்டு. விதையை வாரி இறைக்காமல் நேர்வரிசையில் ஊன்றினால், வரிசைக்கு வெளியே முளைப்பது அயலானது என்பது எளிதில் விளங்கும். அதே விதையில் சிலவற்றைத் தூய மண்ணிட்ட தொட்டியில் முளைக்கவிட்டு, பெயர் எழுதி வைத்தால், பாத்தியில் உள்ளவற்றை அதனுடன் ஒப்பிடலாம். நன்கு மக்காத தொழுவுரத்தின் வழியே களை விதைகள் வருவதால், மக்கிய உரத்தையே இடுதல் நன்று.

இவற்றாலும் தெளியாவிடில், வேருடன் எடுத்த செடியை வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம். 1974இல் புதுச்சேரியில் முதலாவதாகத் தொடங்கப்பட்ட இந்நிலையங்கள் இன்று நாடு முழுவதும் பரவியுள்ளன. ஊர்ப் பெரியவர்களின் அனுபவமும் உதவும். ஒரு பருவத்தில் அறிந்த செடியைக் குறிப்பேட்டில் வரைந்து வைத்தால், அடுத்த மழையில் கை தயங்காது, பயிரும் பிழைக்கும்.