பெருந்தமனி வீக்க அறுவை சிகிச்சையும் இரத்தம் உறைதலும்

இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் மிகப் பெரிய இரத்தக்குழாய் பெருந்தமனி. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். அது 3 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் விரிந்தால், அதைப் பெருந்தமனி வீக்கம் என்கிறோம். பெரும்பாலும் வலி இருக்காது. ஆனால் பெரிதான வீக்கம் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே, ஆண்களுக்குப் பொதுவாக 5.5 சென்டிமீட்டரை எட்டும்போதும், பெண்களுக்குச் சற்று முன்னதாகவும் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் பேசுவார்.

வீக்கத்திற்குள் என்ன நடக்கிறது?

ஓடும் நீரில் வண்டல் தங்காது. தேங்கும் இடத்தில் படியும். அதுபோல, விரிந்த பகுதியில் இரத்தம் மெதுவாகச் சுழல்வதால், குழாயின் உட்சுவரில் இரத்தக்கட்டி படியக்கூடும். அதிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து சென்றால், காலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் அடைபடலாம்.

சிகிச்சையின்போது

வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையில், பெருந்தமனியை இடுக்கியால் சிறிது நேரம் மூடி, பழுதான பகுதியில் செயற்கைக் குழாயைத் தைப்பார்கள். ஓட்டம் நின்ற இடத்தில் இரத்தம் உறையாமலிருக்க, முன்கூட்டியே ஹெப்பரின் மருந்து செலுத்தப்படும். தொடை இடுக்கின் வழியே குழாயைச் செலுத்தும் சிகிச்சையிலும் இம்மருந்து தேவை. ஆனால் அதில் இரத்த இழப்பு பொதுவாகக் குறைவு.

இரத்தம் அதிகம் இழந்தாலோ உடல் குளிர்ந்துவிட்டாலோ, இரத்தம் உறையும் திறன் குறையும். ஆகவே மருத்துவக் குழு:
• இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளவிடும்
• உங்கள் உடலைக் கதகதப்பாக வைத்திருக்கும்
• தேவைப்பட்டால் இரத்தமோ இரத்தத் தட்டணுக்களோ ஏற்றும்
• தேவைப்பட்டால் ஹெப்பரினின் விளைவை மாற்றும் மருந்து தரும்

சிகிச்சைக்குப் பிறகு

இப்போது நிலைமை எதிர்த்திசையில் திரும்பும். காயத்தை ஆற்ற முயலும் உடலில் இரத்தம் எளிதில் உறையும். படுத்தே இருந்தால், கால் இரத்தக்குழாய்களில் (சிரைகளில்) இரத்தம் கட்டிக்கொள்ளலாம். அது நுரையீரலுக்கும் செல்லலாம். தாதியர் உங்களை எழுந்து நடக்கச் சொல்வது இதனால்தான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியும் போடப்படலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஆஸ்பிரின், குளோப்பிடோகிரல், வார்ஃபரின் போன்றவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். சிலவற்றைத் தொடர வேண்டும். வார்ஃபரினைப் பெரும்பாலும் சில நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். எது, எப்போது என்பதை மருத்துவரே சொல்வார்.
• மீன் எண்ணெய், ஜின்செங், பூண்டு மாத்திரைகள், நாட்டு மருந்துகள் ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவற்றில் சில இரத்தக்கசிவை அதிகரிக்கலாம்.
• சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு, மருத்துவரைப் பார்க்கும்போது கொண்டு வாருங்கள்.
• புகைபிடிப்பதை நிறுத்துங்கள்.

உடனே 995ஐ அழையுங்கள்

• வயிற்றிலோ முதுகிலோ திடீரெனக் கடும் வலி, மயக்கம்
• கால் திடீரெனக் குளிர்ந்து, வெளுத்து, வலித்தல்
• திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சு வலி
• நிற்காத இரத்தக்கசிவு

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மலம் கறுப்பாக வெளியேறினாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.