துயரத்தில் ஏன் பாடுகிறோம்?



இறுதி இராவுணவு முடிந்து, புகழ்ப்பாடல் பாடிவிட்டுத்தான் இயேசுவும் சீடர்களும் ஒலிவ மலைக்குப் போனார்கள் என்கிறார் மாற்கு (14:26). காட்டிக்கொடுக்கப்படும் இரவில் பாட்டு!

386-இல் மிலான் நகரில், பேரரசரின் தாய் யுஸ்தீனா ஆயர் அம்புரோசைத் துன்புறுத்தியபோது, மக்கள் ஆயரோடு சாகவும் துணிந்து ஆலயத்திலேயே விழித்திருந்தார்கள். துயரத்தில் அவர்கள் சோர்ந்துவிடாதிருக்கவே அங்கே பாடும் வழக்கம் தொடங்கியது என்று எழுதுகிறார் தூய அகுஸ்தினார். பாடலின் பொருளைவிட அதன் இனிமையே தம்மை ஈர்த்தால் அது பாவம் என்று வருந்தியவரும் அவரே. பாடகர் குழுப் பிள்ளைகள் கோபிக்க வேண்டாம்: கீபோர்டு சத்தத்தில் கடைசி வரிசைப் பாட்டியின் குரல் அமுங்கிப்போனால், அந்த வருத்தம் நமக்கும் வர வேண்டும். இறைவனின் மாட்சியும் மக்களைப் புனிதப்படுத்துவதுமே திருஇசையின் நோக்கம் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. மக்களும் சேர்ந்து பாட வேண்டும் என்றது.

2024 ஜூனில் விஷச்சாராயம் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட துக்க வீட்டில் நம் மறையுரை யார் காதிலும் ஏறாது. ஆனால் பழகிய பாட்டொன்றை யாராவது மெல்ல எடுத்தால், அழுது கம்மிய குரலும் இரண்டாம் அடியில் தானாகச் சேர்ந்துகொள்ளும். அங்கே அழுகையே செபமாகிறது.

கல்வராயன் மலை ஊர்களில் கரண்ட் போன இரவுகளில் செபம் நிற்பதில்லை. இருட்டில் எல்லாரும் பாடுவார்கள். வரும் ஞாயிறு, நன்றிப் பாடலுக்கு மட்டுமாவது மைக்கை அணைத்துப் பார்ப்போம்.