விடுதலைத் தீர்ப்பும் குடும்பத்தாரின் முறையீடும்

கொலை வழக்கொன்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டால், மாண்டவரின் குடும்பத்தார் எழுப்பும் முதற் கேள்வி, “நாங்கள் மேல்முறையீடு செய்யலாமா?” என்பதே. ‘வழக்கறிஞரைப் பிடித்தால் செய்யலாம்’ என நல்லெண்ணத்தோடு கூறுவோர் ஜொகூர் தோட்டங்களில் உண்டு. நம் நாட்டுச் சட்டம் அவ்வாறு கூறவில்லை.

கொலை வழக்கு என்பது அரசாங்கத்துக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் இடையே நடப்பது. குடும்பத்தார் அதில் சாட்சிகளாக இருக்கலாம். வழக்காடும் தரப்பினர் அல்லர். கூட்டரசு அரசியலமைப்பின் 145ஆவது பிரிவு, வழக்குத் தொடுக்கவும் நடத்தவும் கைவிடவும் உள்ள அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவரிடம் ஒப்படைத்துள்ளது. உயர் நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து முறையிடுவதும் அவர் கையிலேயே உள்ளது. இந்தியாவில் நிலைமை வேறு. அங்கு 2009ஆம் ஆண்டின் இறுதி நாள் முதல், மாண்டவரின் வாரிசுகள் தாமே மேல்முறையீடு செய்ய வழியுண்டு. தமிழகச் செய்திகளைப் படித்து நம்மவர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அப்படியாயின் குடும்பத்தார் கைகட்டி நிற்க வேண்டியதுதானா? இல்லை. ஆனால் காலம் குறுகியது. தீர்ப்பு நாளிலிருந்து 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு பதிவாக வேண்டும். ஆதலால் துக்கத்தில் ஒரு வாரம் கழிவதற்குள், வழக்கை நடத்திய அரசுத் தரப்புத் துணை வழக்கறிஞருக்கும், புத்ராஜெயாவிலுள்ள சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கும் கடிதம் எழுத வேண்டும். வழக்கு எண், தீர்ப்பு நாள், எந்தச் சாட்சியம் கவனிக்கப்படவில்லை எனக் குடும்பத்தார் கருதுகின்றனர் என்பவை அதில் இருக்கட்டும். அழுகையும் ஆத்திரமும் நியாயமானவையே; ஆயினும் கடிதத்தில் அவற்றால் பயன் குறைவு.

எவ்வகை விடுதலை என்பதையும் கேட்டறிய வேண்டும். எதிர்வாதத்துக்கு அழைக்கப்படாமலே ஒருவர் விடுதலையாகியிருந்தால், புத்ராஜெயாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை எதிர்வாதம் புரியுமாறு உத்தரவிட்டு, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பக்கூடும். தற்காலிகமாக விடுவிக்கப்பட்டவர்மீதோ மீண்டும் குற்றஞ்சாட்ட இயலும். அது விடுதலையே அன்று.

இவையனைத்தும் நடைமுறையில் எவ்வாறு அமைகின்றன என்பதை நாடறிந்த அல்தான்துயா வழக்கு காட்டுகிறது. மங்கோலியப் பெண்ணான அவர் 2006 அக்டோபரில் ஷா ஆலாமுக்கு அருகே கொல்லப்பட்டார். மூவர்மீது வழக்கு நடந்தது. அவர்களுள் ஒருவர் 2008இல் எதிர்வாதத்துக்கு அழைக்கப்படாமலே விடுதலையானார். அரசுத் தரப்பு அதனை எதிர்த்து முறையிடவில்லை. தந்தையாருக்கு அவ்வழி அத்துடன் அடைபட்டது. மற்ற இருவரான அசிலா ஹாட்ரி, சிருல் அஸார் ஆகிய போலீஸ்காரர்கள் 2009இல் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2013 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டனர். இம்முறை அரசுத் தரப்பு முறையிட்டது. 2015 ஜனவரி 13ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அவ்விடுதலையை மாற்றி, தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது. அதற்குள் சிருல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றிருந்தார் என்பது வேறு கதை.

அந்தத் தந்தையார் குற்றவியல் வழக்கின் முடிவுக்காகக் காத்திராமல், 2007இலேயே இழப்பீடு கோரிச் சிவில் வழக்குத் தொடுத்திருந்தார். ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் குடும்பத்துக்கு 50 லட்சம் வெள்ளி வழங்கத் தீர்ப்பளித்தது. அதன்மேலும் மேல்முறையீடு எழுந்தது. குற்றவியல் வழக்கில் ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சேரும். சிவில் வழக்கிலோ, எது நிகழ்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதி என்றே நீதிபதி எடைபோடுவார். எனவே ஒன்றில் விடுதலையானவர் மற்றொன்றில் பொறுப்பாளியாகலாம்.

நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு. 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின்படி, மாண்டவரை நம்பி வாழ்ந்தோர் மரணம் நேர்ந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். தீர்ப்பு நாளிலிருந்து அன்று! கொலை வழக்கோ படிப்படியாக ஏறிப் பல ஆண்டுகள் நீளும். ‘அது முடியட்டும்’ எனக் காத்திருந்த குடும்பம் இவ்வுரிமையையும் இழக்க நேரும்.

கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோருக்காக இவ்வழக்கைத் தொடுக்கலாம். உடன்பிறந்தார் இப்பட்டியலில் இல்லை. மாண்டவர் வீட்டுக்கு மாதந்தோறும் என்ன கொடுத்தார் என்பதை நீதிமன்றம் கேட்கும். ஆகவே அவருடைய சம்பளச் சீட்டுகள், சேமநிதிக் கணக்கு, திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைத் திரட்டி, முதலாண்டிலேயே ஜொகூர் பாருவிலோ மூவாரிலோ உள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும்.