பழக்கூடையும் நம்ம குறுவட்டமும்



குறுவட்டப் போட்டியில் நம் பெண்கள் அணி கூடைப்பந்தில் 34க்கு 6 என்று தோற்றது எல்லோருக்கும் தெரியும். பிரேயரில் சொல்லவில்லை, ஆனாலும் தெரியும். அந்த 6-ல் 2 நான் போட்டது. தோற்ற பிறகுதான் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததை எழுதுகிறேன்.

1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. ஒய்.எம்.சி.ஏ. என்றால் கிறிஸ்தவ இளைஞர் சங்கம். வெளியே பனி. உள்ளேயே விளையாட ஏதாவது வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடை இரண்டை 10 அடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். மொத்தம் 13 விதி. ஒரு பக்கம் 9 பேர். கூடைக்கு அடியில் ஓட்டை இல்லை! பந்து விழுந்தால் ஒரு ஆள் ஏறித்தான் எடுக்கணும். நம் பள்ளிக் கம்பத்தில் வலையே இல்லை, வளையம் மட்டும்தான். அந்த வகையில் நாம் பரவாயில்லை.

அடுத்த வருடமே, 1892-ல், பக்கத்து ஊர் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற டீச்சர் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.  எங்கம்மா "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்குடி பந்து" என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். "அது வெள்ளக்காரிடி" என்று முடித்துவிட்டார்.

நம் மாநிலத்துக்கும் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் நெருக்கம் உண்டு. ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பல பள்ளிகளுக்கு பி.டி. ஆசிரியர்களாகப் போனார்கள். நம்ம ஊர் அண்ணன்கள் சாயங்காலம் ஆடுகிற வாலிபாலும் 1895-ல் ஒரு ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் உண்டாக்கியதுதான். அதற்கு மட்டும் ஊரில் லைட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். மான்டானா மாநிலத்தில் ஃபோர்ட் ஷா என்ற இடத்தில் அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசு விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிகளில் பிள்ளைகள் தாய்மொழியில் பேசக்கூடாது. வேறு வேறு இனத்துப் பெண்கள் அந்தப் பள்ளியில் ஓர் அணியாகச் சேர்ந்தார்கள். 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குப் போய் அங்கே ஜெயித்துச் சாம்பியன் ஆனார்கள். யாரும் அவர்களை எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சின்னக் கல்லூரிகள் கதையும் இருக்கிறது. பெரிய கல்லூரிகளோடு மோதினால் சின்னதுகளுக்கு எப்போது கோப்பை கிடைக்கும்? அதனால் 1937-ல் கான்சாஸ் சிட்டியில் சின்னக் கல்லூரிகளுக்கென்றே 8 அணிகளோடு ஒரு போட்டி நடத்தினார்கள். அதைத் தொடங்கியவர்களில் வயதான நெய்ஸ்மித்தும் ஒருவர். அதிலிருந்து வளர்ந்த சங்கம்தான் என்.ஏ.ஐ.ஏ. இன்று அதில் நிறைய கிறிஸ்தவக் கல்லூரிகள் இருக்கின்றன. பழங்குடி மாணவர்கள் படிக்கும் ஹேஸ்கல் பல்கலைக்கழகமும் அதில் ஆடியிருக்கிறது. ஹேஸ்கல் இருப்பது லாரன்ஸ் என்ற ஊரில். நெய்ஸ்மித் கடைசிவரை வாழ்ந்ததும் அதே ஊர்தான். அங்கே பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் கூட்டாகச் சேர்ந்து ஆடுவதைக் கான்ஃபரன்ஸ் என்கிறார்கள். நம்ம குறுவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், நம்ம குறுவட்டத்தில் ஷூ போட்ட 12 பேர் உள்ள டவுன் பள்ளியும் வெறுங்காலோடு வந்த நாங்கள் 5 பேரும் முதல் ஆட்டத்திலேயே மோதுகிறோம்.

அதனால் பி.டி. டீச்சரிடம் கேட்டேன், சுற்றியுள்ள சின்னப் பள்ளிகள் மட்டும் முதலில் தங்களுக்குள் ஆடினால் என்ன என்று. "கேட்டுப் பாக்கலாம், முதல்ல டீம் இருக்கா?" என்றார். அதுதான் பிரச்சினை. குறுவைக்குப் பிறகு சிமெண்டுத் தரை முழுக்க நெல் காய்கிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன், எங்க வீட்டு நெல்லும் அதில்தான் கிடக்கிறது. ஓரத்தில் பாதித் தரையில் பழகிக்கொள்கிறோம். ஆனால் ஐந்தாவதாக ஆடிய அக்காவை அவங்க அப்பா இனி வேண்டாம் என்றுவிட்டார். இப்போது நாங்கள் 4 பேர்.

8, 9-ஆம் வகுப்புப் பெண்கள் யாராவது சேர விருப்பம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். பாவாடையோடு வந்தாலும் சரிதான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி