கண்ணுக்கு மறைவு, கைக்கு எட்டும் தூரம்

தந்தையும் மக்களும் ஒன்றாய் அமர்ந்து ஈடுபடும் பொழுதுபோக்குகள் அருகிவரும் காலம் இது. ஜெர்மனி நாட்டில் அத்தகையதொன்று தலைமுறைகளாய் நிலைத்து நிற்கிறது. அதுவே மாதிரி இரயில் அமைத்தல். 1891-ஆம் ஆண்டில் லைப்சிக் வணிகச் சந்தையில் மார்க்ளின் நிறுவனத்தார், ஒரே சீரான தண்டவாளங்களோடு கூடிய விளையாட்டு இரயிலைக் காட்சிக்கு வைத்தனர். இன்று பெரிதும் புழங்கும் எச்.ஓ. அளவில், உண்மை இரயில் 87-இல் ஒரு பங்காகக் குறுகி, 16.5 மி.மீ. அகலப் பாதையில் ஓடுகிறது.

மேசைமேல் மலை, பாலம், ஊர், நிலையம் யாவும் அமைத்தாயிற்று. எனினும் ஒரே இரயில் மீண்டும் மீண்டும் சுற்றி வந்தால் பிள்ளைகளுக்கு விரைவில் சலிப்புத் தட்டிவிடும். உண்மை இரயிலோ தொலைவிலிருந்து வந்து, நின்று, தொலைவுக்குச் செல்கிறது. இத்தோற்றத்தை உண்டாக்கவே மேசையின் அடியில் மறைவான நிலையம் ஒன்று அமைக்கப்படுகிறது. நிழல் நிலையம் என்னும் பொருளில் ஜெர்மானியர் இதனை ஷாட்டன்பான்ஹோஃப் என்பர். அங்கே ஐந்தாறு பாதைகளில் இரயில்கள் காத்து நிற்கும். ஒன்று இறங்கி மறைந்ததும் மற்றொன்று ஏறி வரும்.

இடரும் இங்கேதான். பலர் இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, மறை நிலையத்தை மேல்தளத்திற்கு 10 செ.மீ. கீழேயே அமைத்துவிடுகின்றனர். இரயில் நுழையும்; கை நுழையாது. உள்ளே ஒரு பெட்டி தடம் புரண்டால் மலையைப் பெயர்க்க வேண்டியதுதான். பல மாத உழைப்பும் பொருளும் வீணாகும். பிள்ளையின் ஆர்வமும் பட்டுப்போகும்.

ஆகவே குறைந்தது 20 செ.மீ. இடைவெளி வேண்டும். நூற்றுக்கு 2.5 என்னும் சரிவில் அவ்வளவு இறங்க 8 மீட்டர் பாதை தேவை. சிறு அறையில் 60 செ.மீ. ஆரமுள்ள திருகுப் பாதை அமைத்தால், ஒரு சுற்றுக்கு 9 செ.மீ.க்குச் சற்று மிகுதியாக இறங்கலாம்.

கை சிரமமின்றி எட்டுவது ஏறத்தாழ 60 செ.மீ. தூரமே. ஆதலின் மறை நிலையம் மேசையின் ஓரத்தில் அமைதல் நலம். முன்புறத்தைத் துணித்திரையால் மட்டும் மறைக்கலாம். பாதை பிரியும் பாயிண்டுகளே பெரும்பாலும் தடம் புரளச் செய்வதால், அவை கைக்கு மிக அருகில் இருக்கட்டும். பாதைகளுக்கிடையே விரல் நுழையுமளவு இடம் விடுக. தண்டவாளத்தின் வழியே மின்சாரம் பாய்வதால், படியும் தூசியைத் துடைக்கவும் வழி வேண்டும். விளிம்பில் சிறு தடுப்புப் பலகை இருப்பின், புரண்ட பெட்டி தரையில் விழாது. மேல்தளம் பொருத்துமுன் எல்லா இரயில்களையும் முன்னும் பின்னும் பலநாள் ஓட்டிப் பார்த்தல் இன்றியமையாதது.

இவ்வளவும் இயலாதோர்க்கு ஆங்கிலேயரின் எளிய முறை உண்டு. காட்சிப் பலகைக்குப் பின்னால், மேல்தளத்திலேயே, திறந்த நிலையில் சில பாதைகளை வைத்து, இரயில்களைக் கையால் மாற்றி அடுக்குவர். இதனை ஃபிடில் யார்டு என்பர். செலவும் குறைவு, இடரும் குறைவு.

2001-இல் ஹாம்பர்க் நகரில் திறக்கப்பட்ட மினியேட்டர் வுண்டர்லாண்ட் என்னும் மாபெரும் காட்சியகத்திலும், பார்வையாளர் காணாத மறை நிலையங்களில் இரயில்கள் முறைவைத்துக் காத்து நிற்கின்றன. காண்போர் வியப்பது மேல்தளத்தை. அதனைத் தாங்குவதோ கீழ்த்தளத்தின் ஒழுங்கு.

பிறர் காணாத பகுதியையும் செம்மையாகச் செய்யும் பழக்கம் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டால் வாய்க்குமாயின், அதுவே பெரும் பேறு. மறைவானவற்றையும் நன்கறிபவன் அல்லாஹ் என்பதைச் சொல்லித்தர இதைவிட இனிய தருணம் கிட்டுமா?