யானையை விட ஈயோடது நீளம்... எது தெரியுமா?

நிலத்தில் வாழும் விலங்குகளிலேயே பெரியது ஆப்பிரிக்க யானை. நன்கு வளர்ந்த ஆண் யானை 6 டன் வரை எடை இருக்கும். ட்ரோசோஃபிலா பைஃபர்கா என்ற பழ ஈயோ வெறும் 3 மில்லிமீட்டர்தான். நம்ம வீட்டு வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தக் குட்டி ஈக்களின் சொந்தம். இருப்பது அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவிலும்.

இந்த ரெண்டையும் ஒப்பிட்டால் ஒரு விஷயத்தில் ஈதான் ஜெயிக்கிறது. அது விந்தணுவின் நீளம்!

யானையின் விந்தணு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட கிடையாது. சுண்டெலியோட விந்தணுவே அதைவிட நீளம். ஆனால் இந்த ஈயின் விந்தணு 5.8 சென்டிமீட்டர். அதன் உடம்பைப் போல ஏறக்குறைய 20 மடங்கு! 1995-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. அவ்வளவு நீளம் எப்படி உள்ளே அடங்கும்? நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கிறது.

எதுக்கு இவ்வளவு நீளம்?

பழ ஈக்களில் பெண் ஈ ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேரும். விந்தணுக்களை உடலுக்குள் ஒரு குழாயில் சேமித்து வைக்கும். பைஃபர்கா பெண்ணிடம் அந்தக் குழாயே சுமார் 8 சென்டிமீட்டர். பேருந்தில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற கதைதான். நீளமான விந்தணு இடத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடும். பெண்ணின் குழாய் நீள நீள, ஆணின் விந்தணுவும் நீண்டுகொண்டே வந்திருக்கிறது.

இதற்கு ஆண் ஈ கொடுக்கும் விலையும் பெரிசு. பெண்ணை விடத் தாமதமாகத்தான் பருவத்துக்கு வருகிறது. விந்தணுக்களும் சில நூறுதான் தேறும்.

அப்போ யானை ஏன் இப்படிச் செய்யவில்லை?

பெண் யானையின் இனப்பெருக்கப் பாதை மீட்டர் கணக்கில் நீளமானது. உள்ளே போகும் விந்தணுக்கள் அதில் சிதறிப்போகும். அங்கே ஒன்றை ஒன்று தள்ளி இடம்பிடிக்க வாய்ப்பே குறைவு. எண்ணிக்கை அதிகம் இருந்தால்தான் ஒன்றாவது போய்ச் சேரும். அதனால் யானையின் உடல் சின்னச் சின்னதாக, கோடிக்கணக்கில் உற்பத்தி செய்கிறது. சூரிச், ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் பாலூட்டிகளை ஒப்பிட்டுச் சொன்ன விளக்கம் இது.

யானையை விடப் பெரிய திமிங்கலத்துக்கும் இதே கதைதான். அதன் விந்தணுவைப் பார்க்கவும் மைக்ரோஸ்கோப் வேணும்.